ஊமைக்குத்துக்கு ஓர் உதாரண வாக்கியம்

ஜூன் 3

அன்புள்ள அகராதிக்கு,

ஓர் அசிங்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நேற்று உங்கள் அகராதி அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, "ஏ.சி. சர்வீஸ்லேர்ந்து பேசறோம்" என்று சொன்னது நான்தான்.

உன்னோடு பேசுவதற்காக இல்லை. நீ போட்ட சட்டம் நினைவிருக்கிறது. "ஃபோன்ல நீங்க பேசறதைவிட மூச்சு விடறதுதான் அதிகமா கேக்குது. கோவம் இருந்தா எழுதி அனுப்புங்க, எழுதறப்பவாவது முழு வாக்கியம் வரும்" என்றாய். அதை நான் மீறவில்லை. நான் கேட்க ஆசைப்பட்டது உன் குரலை அல்ல, உன் பக்கத்து மேசைக்காரரின் குரலை.

குற்றம் உன் போன கடிதத்தினுடையது. அந்த இரண்டு பக்கத்தில் பக்கத்து மேசைக்காரர் எத்தனை தடவை வருகிறார் என்று சொன்னால் நான் எண்ணினேன் என்பது தெரிந்துவிடும், அதனால் சொல்லப்போவதில்லை. அவர் ஃபிளாஸ்கில் காபி கொண்டுவருகிறார். மூடியில் ஊற்றி உனக்கும் தருகிறார். ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் அதன் பாட்டன் முப்பாட்டன் பெயரெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கீழே இறக்கிவிடுவாராம். நான் எழுதும் கடிதத்தில் என்ன இருக்கும்? குழாய் ஒழுகுகிறது, மின் கட்டணம் ஏறிவிட்டது. இந்த இரண்டு ஆண்களில் ஒரு பெண் யாரோடு காபி குடிப்பாள் என்பது எனக்குத் தெரியாதா? நான் பெண்ணாக இருந்தாலும் அவரோடுதான் குடிப்பேன்.

சரி, ஃபோனுக்கு வருகிறேன். ஃபோன் அவர் மேசையில்தான் என்று நீ எழுதியிருந்தாய், மணி அடித்ததும் எடுத்துவிட்டார். "சொல்லுங்க ஐயா" என்றார். குரல் நன்றாக இருந்தது. இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கப் பார்க்கிறது, இருந்தாலும் நியாயம் நியாயம்தானே. எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் திறக்கிற குரல். என்னுடையதை நம் பீரோக் கதவோடு ஒப்பிட்டது நீதான். அப்போதே வைத்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் கேட்கலாமே என்ற சபலத்தில், ஏ.சி.யில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று விசாரித்தேன். அவர் அக்கறையாக, தண்ணீர் சொட்டுகிறது, பக்கத்து மேசை அம்மாவின் தாளெல்லாம் நனைந்துபோகிறது என்றார். யார் அந்த அம்மா என்று ஒரு நொடி யோசித்தேன். உனக்கு அவர் பக்கத்து மேசை என்றால் அவருக்கு நீ பக்கத்து மேசை என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. உறைத்ததும் வாய் குழறிப்போய், வியாழக்கிழமை கட்டாயம் ஆள் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமை தாண்டியிருக்கும். மன்னித்துக்கொள்.

கீழ் வீட்டில் என் அக்கா சௌக்கியம். நீ எப்போது வருகிறாய் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. அவள் என்றைக்கு மனிதர்களிடம் கேட்டிருக்கிறாள்? தண்ணீர் மோட்டாரிடம்தான் பேசினாள். நான் படியில் இறங்குகிற நேரம் பார்த்து அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "நீயாவது போட்டா ஓடற, நிறுத்தினா நிக்கற. சிலது போனா போனதுதான்" என்றாள். மோட்டார் அதன் பாட்டுக்கு ஓடியது. நானும் என் பாட்டுக்குப் படியிறங்கிப் போனேன்.

உதாரண வாக்கியம் கேட்டிருந்தாய். வீடு வாடகைக்கு, வீடு விற்பனைக்கு என்று விளம்பரம் எழுதிப் பிழைக்கிறவனிடம், இன்யூவெண்டோ என்ற ஆங்கில வார்த்தையை வைத்து வாக்கியம் கேட்கிறாயே, பக்கத்திலேயே பண்டிதரை வைத்துக்கொண்டு. இருந்தாலும் இதோ, மறைமுகமாகச் சொல்வதற்கு மூன்று.

ஒன்று: "பேருந்து நிறுத்தத்துக்கு மிக அருகில் அமைந்த வீடு." நான் எழுதிய விளம்பரம்தான். பேருந்து படுக்கையறைக்குள் வராது, மற்றபடி எல்லாம் வரும்.

இரண்டு: "அவர் ஃபிளாஸ்க் கொண்டுவருவது காபிக்காக மட்டும்தான் என்று நம்புகிறேன்."

மூன்று: "அந்த மனிதர் ஒரு" வேண்டாம். தபாலில் போகிற கடிதம்.

இந்த வார்த்தைக்குத் தமிழில் ஊமைக்குத்து என்று போட்டுக்கொள். வெளியே காயம் தெரியாது, உள்ளே மட்டும் வலிக்கும். எட்டு மாத வேலை என்று போனாய். ஆகஸ்டில் முடிகிறது. சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேன்.

இப்படிக்கு,
வீட்டு விளம்பரம்


ஜூன் 8

அன்புள்ள வீட்டு விளம்பரத்துக்கு,

வியாழக்கிழமை நாங்கள் பட்ட பாட்டை முதலில் கேளுங்கள். ஏ.சி. ஆள் வரப்போகிறார் என்று காலையிலேயே மெஷினை நிறுத்தினோம். மேசைகளை நகர்த்தி, தாள் கட்டுகளை நடைவழியில் அடுக்கினோம். விசிறி போட்டால் தாள் பறக்கும் என்று அதையும் போடாமல் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேசைக்காரர்தான் பாவம், சாயங்காலம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "குரலைக் கேட்டா நம்பிக்கையான ஆள் மாதிரி இருந்துச்சே" என்று மாய்ந்துபோனார். உங்கள் குரலை நம்பிய முதல் மனிதர் அவர். அவர் மேல்தான் உங்களுக்கு வயிற்றெரிச்சல்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். மடித்து வைத்த பிறகு கோபம் வந்தது. அதற்கான காரணத்தை வாக்கியம் வாக்கியமாகச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய முதல் வாக்கியம் இன்யூவெண்டோ இல்லை. அதன் பெயர் யூஃபமிசம். கசப்பு மாத்திரைக்குச் சர்க்கரை பூசுவது. இரைச்சலான வீட்டை அருகிலுள்ள வீடு என்பது, சின்ன வீட்டை அடக்கமான வீடு என்பது. இன்யூவெண்டோ அதற்கு நேர்மாறு. சர்க்கரை உருண்டைக்குள் குண்டூசி வைப்பது. வெளியே பார்த்தால் நல்ல வார்த்தைதான் இருக்கும், கடித்தால்தான் தெரியும். நிறையப் பேர் ஆபாசமான இரட்டை அர்த்தப் பேச்சுக்கு மட்டும்தான் இந்த வார்த்தை என்று நினைக்கிறார்கள். அது இதில் ஒரு வகை, அவ்வளவுதான். யாரைப் பற்றியாவது தப்பான ஓர் எண்ணத்தை, தான் சொன்னதாக மாட்டிக்கொள்ளாமல், கேட்பவர் மனசில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது எல்லாமே இதில் சேரும்.

பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். ஆமாம், கேட்டேன். லத்தீனில் இதற்குத் தலையசைத்துக் காட்டுவது என்று பொருளாம். வாயைத் திறக்காமல், அதோ அவன்தான் என்று தலையால் காட்டுவது. அந்தக் காலத்து அவதூறு வழக்குகளில், இவன் சொன்ன வார்த்தை இது, சொல்ல வந்த அர்த்தம் அது என்று கோர்ட்டில் விளக்குவதற்கும் இதே பெயர்தானாம். அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் அக்காவும் மோட்டாரும்தான் நினைவுக்கு வந்தார்கள். அந்த வழக்கில் பாவப்பட்ட சாட்சி மோட்டார்.

உங்கள் மூன்றாவது வாக்கியம் தைரியம் இல்லாத வசவு, தள்ளுபடி. இரண்டாவதுதான் சரியான இன்யூவெண்டோ. நூற்றுக்கு நூறு. அதுதான் எனக்குக் கவலை.

ஒன்று சொல்லட்டுமா? உங்கள் தொழில் யூஃபமிசம், உங்கள் குணம் இன்யூவெண்டோ. நேராகச் சொல்வது என்ற மூன்றாவது சரக்கு உங்கள் கடையில் கிடையாது. நான் கிளம்பின அன்றைக்குப் போகாதே என்று சொல்ல வந்து, "அந்த ஊர்ல கொசு ஜாஸ்தியாம்" என்றீர்கள். பெட்டியை டாக்சியில் ஏற்றும்போது, "எட்டு மாசத்துக்கு இவ்வளவு துணியா" என்றீர்கள். பேருந்து நகரும்போது ஓடி வந்தீர்கள். ஏதோ சொல்லத்தான் போகிறீர்கள் என்று ஜன்னல் கண்ணாடியைக் கஷ்டப்பட்டுத் தள்ளினேன். உள்ளே ஒரு கொசுவலையைத் திணித்தீர்கள். இங்கே கொசுவே கிடையாது. அந்த வலையை இன்னும் பிரிக்கவில்லை.

உங்கள் அக்காவும் எனக்கு எழுதுகிறார்கள், தெரியுமோ. எதிர் வீட்டு டீச்சரின் மாடிப்படி விளக்கை நீங்கள் ஏணி போட்டு மாற்றிக்கொடுத்தீர்களாம். நம் குளியலறை விளக்கு நான் கிளம்பும்போதே எரியவில்லை. நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. உங்கள் பாணியில் ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்.

கடைசியாக முக்கியமான விஷயம். இங்கே அகராதிக்கு ஒரு துணைத் தொகுதி போடப்போகிறார்கள். இரண்டு வருட வேலை. என்னை இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். ஒரே வரி போதும். உதாரணம் வேண்டாம்.

அகராதி


ஜூன் 14

அன்புள்ள அகராதிக்கு,

எனக்கு என்ன தோன்றுகிறது என்றா கேட்கிறாய்? ஒன்றும் தோன்றவில்லை. உன் விருப்பம்.

ஒரே வரி கேட்டாய், எழுதிவிட்டேன். தாள் மிச்சம் இருப்பதால் மற்றதையும் எழுதுகிறேன்.

டீச்சர் விவகாரம் இதுதான். நான் மேலே ஏறினேன். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து சார், விழுந்துடாதீங்க. ஆஸ்பத்திரிக்கு அலைய எனக்கு லீவு இல்ல" என்றார். இதில் ஏதாவது சாடை இருந்தால் நீயே கண்டுபிடித்து உன் அகராதியில் சேர்த்துக்கொள்.

நானும் ஒரு ஃபிளாஸ்க் வாங்கியிருக்கிறேன். அலுவலகத்துக்கு எடுத்துப்போய், மூடியில் ஊற்றி, பக்கத்து நாற்காலிக்காரரிடம் நீட்டினேன். முதலாளி பார்த்துவிட்டு, "என்னய்யா, வயிறு சரியில்லையா, கஷாயமா" என்று கேட்டார். எல்லோரும் ஃபிளாஸ்க் வைத்துக்கொண்டால் அப்படி ஆகிவிட முடியாது போலிருக்கிறது. அதற்கும் ஒரு கை வாகு வேண்டும். குரலையும் கொஞ்சம் திருத்திப் பார்க்கலாம் என்று குளியலறைக்குள் நின்று பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். அங்கே இன்னும் இருட்டுதான், அதனால் தலைப்புச் செய்திகள் மட்டும். கீழேயிருந்து அக்கா குழாயைப் பார்த்து, "யாரோ ரேடியோ வாங்கியிருக்காங்க, ஸ்டேஷன்தான் கிடைக்கல போல" என்றாள்.

துணைத் தொகுதி ரொம்ப நல்ல விஷயம். இரண்டு வருடம் எல்லாம் ஒரு காலமா என்ன? பக்கத்து மேசைக்காரருக்கும் அந்தத் தொகுதியில் வேலை உண்டுதானே? தெரிந்துகொள்வதற்காகக் கேட்டேன். பழகின காபி தடைபடக் கூடாதில்லையா. ஏ.சி. சொட்டுகிற இடத்தில் உட்காராதே, சளி பிடித்துக்கொள்ளும். நகர்ந்து உட்கார். எந்தப் பக்கம் நகர்வாய் என்று நான் கேட்கவில்லை. ஒரு பக்கம் சுவர் என்று நீதான் எழுதியிருந்தாய்.

லத்தீன் எல்லாம் எனக்குத் தெரியாது. தலையசைத்துக் காட்டுவது என்று அவர் சொன்னாராம், நீ கேட்டுக்கொண்டாயாம். நீயும் தலையசைத்திருப்பாய். உன் தலை எப்படி அசையும் என்று எனக்குத் தெரியும். பிடித்த விஷயத்தை யாராவது சொன்னால் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்த்துக்கொள்வாய். கல்யாணமான புதிதில் நான் பேசும்போதுகூட அப்படிச் சாய்ந்தது. பிற்பாடு கழுத்துவலி வந்துவிட்டது போலும்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறேன். ஒரு தட்டுத்தானே. வீடு விசாலமாகிவிட்டது. நானாகவே பேசிக்கொண்டால் எதிரொலிக்கிறது, அதனால் ஆள் இருக்கிற மாதிரித்தான்.

வரும் சனிக்கிழமை பேப்பர் வாங்கி வீட்டு விளம்பரப் பக்கத்தைப் பார். உங்கள் ஊர்ப் பதிப்பிலும் வரும். இன்யூவெண்டோவுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தாயே, அந்த வரிசையில் இன்னொன்று இருக்கும்.

இப்படிக்கு,
விசாலமான வீடு, உடைமையாளர்


ஜூன் 22

என்னங்க,

வேடிக்கையாக ஒரு பெயர் போட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. "உன் விருப்பம்" என்ற இடத்தோடு நிறுத்திவிட்டேன். கழுத்துவலியையும் அதற்குக் கீழே விளம்பரம் பற்றி இருந்ததையும் படித்தது மறுநாள் விடிந்ததும்தான். மேசையில் உட்கார்ந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மேசைக்காரர் ஒன்றும் கேட்காமல் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு இங்கிதம் தெரியும். இதற்கும் நீங்கள் வயிறெரிந்துகொள்ளலாம்.

இருக்கமாட்டேன், ஆகஸ்டில் கிளம்புகிறேன் என்று சொல்லிவிடுவதா, அல்லது வீம்புக்கு இருந்துவிடுவதா என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். சனிக்கிழமை காலையில் தெருமுனைக் கடையில் பேப்பர் வாங்கினேன். இன்னொரு குத்துத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்று பிரித்தேன்.

"வாடகைக்கு. மாடி, இரண்டு அறை. உடனே குடிவரலாம்." கீழே நம் தெரு, நம் கதவு எண்.

அவ்வளவுதான் இருந்தது. காற்றோட்டமான இல்லை, மனத்துக்கு இதமான இல்லை, குடும்பத்துக்கு ஏற்ற இல்லை. ஓர் அடைமொழி கிடையாது. மறுபடியும் மறுபடியும் படித்தேன். கடைக்காரர், "வீடு தேடறீங்களாம்மா" என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன்.

வா என்றும் சொல்லாமல், இரு என்றும் சொல்லாமல், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நீங்களே இங்கே வருவீர்கள் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. என் வேலையை விடச் சொல்லாமல் உங்கள் வீட்டை விடுகிறீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் எழுதிய முதல் நேரான வாக்கியம் இது. கடிதத்தில் அப்படிக் கடுகடுவென்று எழுதியதெல்லாம் இதை மறைத்து வைக்கத்தான் என்று இப்போது புரிகிறது. எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் துணைத் தொகுதிக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வீடு பார்த்து, கடைக்காரரிடமே அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். இரண்டு அறை, பெரிய ஜன்னல். பகலில் கொஞ்சம் சத்தம்தான், நீங்கள் விளம்பரம் எழுதினால் சுறுசுறுப்பான சுற்றுப்புறம் என்பீர்கள். பக்கத்து மேசைக்காரரிடமும் பேப்பரைக் காட்டினேன். "தெளிவா எழுதியிருக்கார்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

என்றைக்குக் கிளம்புகிறீர்கள்?

உங்கள் அகராதி


ஜூன் 26

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டினால் போதும், நான் நல்லவன். அப்படியே செய்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். முடியவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் எழுதிய விளம்பரம் இது:

"வாடகைக்கு. மாடி, இரண்டு அறை. வீட்டுக்காரி வார்த்தை பொறுக்க வெளியூர் போயிருக்கிறார். அங்கே மூடியில் காபி கிடைப்பதால் திரும்பும் உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. அடுப்பு சூடு ஆறி நாளாகிறது. ஆளில்லாத அமைதி தாராளம். உடனே குடிவரலாம்."

இதை எழுதிவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்து எவனும் வீடு கேட்டு வரமாட்டான், நீ மட்டும் படிப்பாய், உனக்கு மட்டும் வலிக்கும் என்பது என் கணக்கு. முதலாளி வழக்கம்போல பேப்பருக்கு அனுப்புமுன் பென்சிலோடு உட்கார்ந்தார். "வீட்டுக்காரி எங்க போனா நமக்கு என்னய்யா? வீடு எங்க இருக்கு, அதைப் போடு" என்று கோடு கோடாக அடித்தார். தெருவையும் கதவு எண்ணையும் அவரே எழுதினார். நான் சனிக்கிழமை பேப்பரில்தான் பார்த்தேன்.

ஆக, நீ கடையில் நின்று படித்தாயே, அந்த நேரான வாக்கியத்தை நான் எழுதவில்லை. என் குத்தலை முதலாளி வெட்டியது போக மிஞ்சிய துண்டு அது. நான் உன்னைக் காயப்படுத்தத்தான் எழுதினேன். நீ அதை வைத்து வீடு பார்த்துவிட்டாய். என்னால் வாயை மூடிக்கொள்ள முடியாததற்குக் காரணம் கேட்டால் சிரிப்பாய். இப்போது எனக்கு முதலாளி மேல் பொறாமையாக இருக்கிறது. இருபது வருடமாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டு குடும்பம் நடத்துவது நான், என் பெண்டாட்டி உருகிப்போகிற மாதிரி ஒரு வாக்கியம் எழுதிக்கொடுத்தது அந்த மனிதரின் மொட்டைப் பென்சிலா?

இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை காலையிலேயே ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வீடு போய்விட்டது என்று பொய் சொல்லி எல்லோரையும் கீழேயே திருப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னஞ்சிறு ஜோடி, அக்காவைத் தாண்டி நேரே மாடிக்கு வந்துவிட்டது. நான் பனியனோடு தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஜன்னலைக் கையால் சாண் போட்டு அளந்தாள். புருஷனிடம் திரும்பி, "எனக்கு இந்த ஜன்னல் வேணும்" என்றாள். அவன், "எனக்கு அந்த வெயில் வேணாம்" என்றான். "அப்போ கட்டிலை அந்தப் பக்கம் போட்டுக்கலாம்." "சரி." பேச்சு முடிந்தது. நான் ஈரக் கையோடு நின்று அதிசயம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். நாமாக இருந்தால் இந்த ஜன்னலை வைத்து ஒரு மழைக்காலம் ஓட்டியிருப்போம்.

பிறகு அவள் என்னிடம், "ஆன்ட்டி இல்லையா அங்கிள்?" என்று கேட்டாள்.

"வெளியூர்ல வேலை."

"அப்போ நீங்க எங்க இருப்பீங்க?"

"நானும் அங்கதான் போறேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. பீரோக் கதவுக் குரல்தான், ஆனால் கிரீச் என்று ஒரே தடவையில் முழுக்கத் திறந்துவிட்டது. அக்கா அப்போது மாடிப்படியில் நின்றிருந்தாள். பக்கத்தில் மோட்டார் இல்லை, குழாய் இல்லை. என்னிடமே பேச வேண்டியதாகிவிட்டது. "நெஜமாவே போறியாடா?" என்றாள். நான் தலையாட்டினேன். அந்த லத்தீன் தலையாட்டல் இல்லை, சாதாரணமாக, ஆமாம் என்று. "அவளுக்கு உன் சமையல் ஆகாது, அதையாவது கத்துக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள். அன்றைக்கு மோட்டாரை அவள் திட்டவே இல்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நடந்தது இது. நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. ஜோடிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. விளம்பரங்களை நான் அங்கிருந்தே எழுதித் தபாலில் அனுப்பினால் போதும், வழக்கம்போல பென்சிலால் அடித்துத் திருத்திக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

இனி வருவது உதாரணம் இல்லை. பக்கத்து மேசைக்காரர் மேல் எனக்குப் பொறாமை. அவர் தப்பானவர் என்பதற்காக இல்லை, தினமும் உன் பக்கத்தில் உட்காருகிறார் என்பதற்காக. நீ இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. நான் அங்கே வர வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிறகு நான் வரலாமா என்று எழுது. வேண்டாம் என்றால் அதையும் நேராகவே எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஜூலை 1

என்னங்க,

வாங்க.

கோபம் வந்ததா என்றால், வந்தது. அடுப்பு சூடு ஆறிய விளம்பரத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்து, சைக்கிள் கடைக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கச் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வாசல்வரை போய், மிச்சத்தையும் படித்துவிட்டுப் போகலாம் என்று திரும்பி வந்தேன். கடைசிப் பத்தியைப் படித்த பிறகு செருப்பைக் கழற்றிவிட்டேன்.

உங்கள் முதலாளிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் அவர் வாக்கியத்தைவிட உங்கள் வாக்கியம் நன்றாக இருக்கிறது. "நீ இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை" என்பதில் எந்தப் பென்சிலுக்கும் வேலை இல்லை.

ஜோடிக்கு வீட்டைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணிடம், மத்தியானத்துக்கு மேல் அந்த ஜன்னலில் வெயில் வராது என்று சொல்லுங்கள், கட்டிலை நகர்த்த வேண்டாம். அக்காவுக்கு மாதம் ஒரு கடிதம் நான் எழுதுகிறேன், நீங்கள் எழுதினால் மோட்டாரைப் பற்றி மட்டும்தான் எழுதுவீர்கள். குளியலறை விளக்கை மாற்றிவிட்டு வாருங்கள். எதிர் வீட்டு டீச்சரிடம் சொல்லிக்கொள்ளும்போது வாசலிலேயே நின்று சொல்லிக்கொள்ளுங்கள். இதில் சாடை இல்லை, கட்டளை.

பக்கத்து மேசைக்காரர் பேருந்து நிலையத்துக்கு வந்து பெட்டி தூக்குவதாகச் சொல்கிறார். ஏ.சி. ஆளை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டுமாம்.

இன்னொன்று, நீங்கள் இங்கே வந்து அலமாரியைப் பார்த்தால் எப்படியும் தெரிந்துவிடும், நானே சொல்லிவிடுகிறேன். இன்யூவெண்டோ உட்பட, ஆங்கில ஐ எழுத்து வார்த்தைகளெல்லாம் அடங்கிய தொகுதி, நான் இங்கே சேர்வதற்கு மூன்று வருஷம் முன்பே அச்சாகி விற்பனைக்கு வந்துவிட்டது. நாங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது எஸ் எழுத்து.

அகராதி